முதல் .177 ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள்: எப்படிப் பழக்குறது, எதை மாத்தலாம்?

மல்லேஸ்வரம்_புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். இருக்கிறது பெங்களூர்ல. போன வாரம்தான் முதல் ஏர் ரைஃபிள் வாங்கினேன். பேரலை மடக்கி ஏத்துற ஸ்ப்ரிங் வகை, .177 (பேரல் துளை 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ.), நம்ம நாட்டுத் தயாரிப்பு. பெட்டி மேல நொடிக்கு 1000 அடி வேகம்னு போட்டிருக்கு. இதுவரைக்கும் 60 பெல்லட் (இதுல போடுற சின்னக் குண்டு) போயிருக்கும்.

இப்ப இருக்கிற நிலைமை:

ஒவ்வொரு சுடுதலுக்கும் பேரல் வாயிலேர்ந்து புகை வருது, எண்ணெய் கருகின வாசனை. நாலஞ்சு தடவைக்கு ஒரு முறை பட்டாசு மாதிரி 'டமார்'னு சத்தம். 15 மீட்டர்ல 10 பெல்லட்டும் 6 செ.மீ. வட்டத்துக்குள்ள கூட அடங்கல. சுட்டு முடிச்சதும் உள்ள ஸ்ப்ரிங் 'டொய்ங்'னு அதிருது. ட்ரிகர் ரொம்பக் கனம்.

கேள்விகள்: பழக்குறதுக்கு எத்தனை பெல்லட் ஆகும்? பேரலைச் சுத்தம் பண்ணணுமா, எதை வச்சு? இன்னும் பலமான ஸ்ப்ரிங் ஒண்ணு ஆன்லைன்ல கிடைக்குது, போட்டா குறி நல்லா விழுமா? நண்பர்கிட்ட பழைய 3-9×40 ஸ்கோப் (குறி பாக்குற தொலைநோக்கி) சும்மா இருக்கு, நிஜத் துப்பாக்கியில இருந்ததாம், இதுல மாட்டலாமா? கடைசியா, மாமா ஊர் தேன்கனிக்கோட்டை பக்கம். அங்க முயல் நிறைய. இந்த ரைஃபிள் அதுக்குத் தாங்குமா?

---

பீன்யா_லேத்:

தம்பி, புகையும் டமாரும் ஒரே காரணம்தான். கம்பெனியில துரு பிடிக்காம இருக்க உள்ள எண்ணெய் தடவி அனுப்புவாங்க. பிஸ்டன் முன்னால பாயுறப்போ காத்து ஒரே நொடியில நசுங்கிச் சூடாகுது, டீசல் எஞ்சின் சிலிண்டர்ல நடக்கிற மாதிரியே. அந்தச் சூட்டுல எண்ணெய் எரியுது. இதை டீசலிங்னு சொல்வாங்க. லேசான புகை பரவாயில்ல. டமார்னு வெடிக்கிறதுதான் கெடுதல். பிஸ்டனை அது பின்னால உதைக்கும், பிஸ்டன் தலையில காத்தை அடைக்கிற சீல் ஓரம் கருகும், ஸ்ப்ரிங் சீக்கிரம் ஒடியும்.

எண்ணெய் எரிஞ்சு தீர்ற வரைக்கும் 100, 150 பெல்லட் ஆகும். லேசான பெல்லட்டை இப்போதைக்குத் தொடாதீங்க, 8 கிரெய்னுக்கு (சுமார் அரை கிராம் எடை) மேல இருக்கிறதைப் போடுங்க. கனமான பெல்லட் வெடிப்பை அடக்குதுன்னு இல்ல, பிஸ்டன் முனையில போய் மோதுறதை மெத்தையாத் தாங்கிக்கும். 200 தாண்டியும் டமார் நிக்கலன்னா உள்ள எண்ணெய் அதிகம், இல்ல சீல் கிழிஞ்சிருக்கு. அப்பத்தான் திறந்து பாக்கணும்.

ரைஃபிள் முழுசா ஒரு நிலைக்கு வர 300லேர்ந்து 500 பெல்லட் பிடிக்கும். சீல் சிலிண்டர் சுவரோட பொருந்தும், ஸ்ப்ரிங் கொஞ்சம் படியும், ட்ரிகர்ல உரசுற முகங்கள் வழவழப்பாகும். இப்ப கனமாத் தெரியிற ட்ரிகர் பாதி அதுலயே சரியாயிடும். அது வரைக்கும் ஒரு பைசாவுக்கும் உதிரி பாகம் வாங்காதீங்க. என்ன மாறிச்சு, எதனால மாறிச்சுன்னு பிரிச்சே பாக்க முடியாமப் போயிடும்.

இந்தச் சமயத்துல வேகம் குறையும். பயப்பட வேண்டாம். முதல்ல தெரிஞ்ச வேகத்துல கொஞ்சம் எண்ணெய் எரிஞ்சு வந்தது. பெட்டியில போட்டிருக்கிற 1000 அடியும் 5 கிரெய்ன் அலாய் பெல்லட்டை வச்சு எடுத்த கணக்காத்தான் இருக்கும். 8.44 கிரெய்ன் போட்டா 750 பக்கம் வந்தா ஆரோக்கியமான ரைஃபிள்.

பேரல் சுத்தம்: இப்ப ஒரு தடவை கண்டிப்பா செய்யணும். இரும்புக் கம்பியை வாயிலேர்ந்து குத்தாதீங்க, உள்ளேயிருக்கிற வரிகளோட கடைசி முனை தேஞ்சா குறி போச்சு. புல் வெட்டுற மெஷின்ல வர்ற நைலான் கயிறு, 2 மி.மீ. தடிமன், ஒரு மீட்டர் வாங்கிக்குங்க. ஒரு முனையை நெருப்புல காட்டி, உருகுற குமிழை தட்டையா அழுத்திடுங்க. பழைய பனியன் துணியில சின்னத் துண்டை இன்னொரு முனையில குத்திக் கோர்த்து குமிழ் வரைக்கும் தள்ளிட்டு, அந்த முனையை பெல்லட் போடுற பக்கமா விட்டு வாய்ப் பக்கம் வெளியே எடுத்து இழுக்கணும். துணி எப்பவும் பெல்லட் போற திசையிலேயே போகணும். குமிழ் துணிக்குப் பின்னால வர்ற மாதிரி பாத்துக்குங்க, இல்லன்னா நடுவுல கழண்டு மாட்டிக்கும். முதல் ரெண்டு துணி கன்னங்கரேல்னு வரும். அஞ்சாறாவது வெளுத்து வந்தா நிறுத்திடலாம். எந்தத் திரவமும் வேண்டாம், துணி காஞ்சதா இருக்கட்டும்.

டபிள்யூ.டி.-40 வாசனையே இந்த ரைஃபிள் பக்கம் வரக் கூடாது. லேசான பெட்ரோலிய எண்ணெய் அது. சிலிண்டருக்குள்ள போனா இப்ப கேக்கிற டமார் மாதிரி பத்து மடங்கு கேக்கும்.

---

கேஜிஎஃப்_ரோடு:

முயல் விஷயத்தை முதல்ல முடிச்சுடுறேன், ஏன்னா இதுல அலட்சியம் கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 9-வது பிரிவு: வேட்டைக்குத் தடை. அந்தச் சட்டத்துல 'வேட்டை'ன்னா கொல்றது மட்டும் இல்ல, பிடிக்கிறது, கண்ணி வைக்கிறது, அதுக்கு முயற்சி பண்றதும் சேர்த்தி. முயல், கவுதாரி, மயில் எதுவா இருந்தாலும் சரி. மாமாவோட சொந்தப் பட்டா நிலமா இருந்தாலும் சரி. தேன்கனிக்கோட்டை காட்டோரம், அந்தப் பக்கம் ரைஃபிளோட நடந்தாலே கேள்வி வரும். சட்டத்தை விடுங்க, 14 ஜூல் பெல்லட் முயலைச் சுத்தமாக் கொல்லாது. வயித்துல வாங்கிட்டுப் போய்ப் புதர்ல ரெண்டு நாள் கிடந்து சாகும். காகிதமும் தகர டப்பாவும் போதும்.

இன்னொரு சட்டக் கணக்கு ஸ்ப்ரிங் சம்பந்தப்பட்டது. .177, 20 ஜூலுக்குக் கீழ இருக்கிற வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம். அதைத் தாண்டினா வேற கதை. 8.44 கிரெய்ன்னா 0.547 கிராம். நொடிக்கு 230 மீட்டர்ல போனா 14.5 ஜூல். 270 மீட்டர்ல போனா 20 ஜூலைத் தொட்டாச்சு. 'பலமான ஸ்ப்ரிங்'னு விக்கிறவங்க இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டாங்க. பில்லைப் பத்திரமா வையுங்க. வெளியே கொண்டு போறப்போ உறையில போட்டு, பெல்லட் ஏத்தாம கொண்டு போங்க.

ஸ்கோப்: வேண்டாம். நிஜத் துப்பாக்கி பின்னால மட்டும் உதைக்கும், ஸ்கோப் அதுக்குத் தக்கபடிதான் கட்டியிருக்கும். ஸ்ப்ரிங் ரைஃபிள் முதல்ல பின்னால உதைக்கும், பிஸ்டன் முனையில மோதினதும் முன்னால ஒரு வெட்டு வெட்டும். அந்த முன்வெட்டுலதான் உள்ள கண்ணாடி கழலுறது, குறிக்கம்பி அறுறது எல்லாம். போதாததுக்கு அந்த மாதிரி ஸ்கோப் பேரலாக்ஸ் (படமும் குறிக்கம்பியும் ஒரே தளத்துல பொருந்துற தூரம்) 100 கெஜத்துக்கு வச்சிருக்கும். 15 மீட்டர்ல படம் மங்கும், கண்ணை இம்மி நகர்த்தினா குறியும் நகரும். ஏர்கன்னுக்குன்னு செஞ்சது, முன் வளையத்தைத் திருப்பினா 10 மீட்டர் வரைக்கும் தெளிவாகுறது, அப்படித்தான் வாங்கணும். 4 மடங்குப் பெரிதாக்கம் தாராளம்.

ஸ்கோப்பை ரைஃபிளோட பிடிக்கிற மௌண்ட் ஒரே துண்டா இருக்கணும், கீழ அது நழுவாம நிறுத்துற ஸ்டாப் பின் இருக்கணும். பின் இல்லாத மௌண்ட் ஒவ்வொரு சுடுதலுக்கும் முடியளவு பின்னால ஊர்ந்துகிட்டே இருக்கும். ரைஃபிள் மேல மௌண்ட் மாட்டுற ரயில் 11 மி.மீ. டவ்டெயில் வகையா, வீவர் வகையான்னு அளந்துட்டு வாங்குங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மாட்டாது.

ஆனா 500 பெல்லட் வரைக்கும் கம்பெனி போட்ட இரும்புக் குறியிலயே சுடுங்க.

---

பத்துமீட்டர்:

மேலே இருவரும் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு இடத்தில் சேர்க்க வேண்டியது உண்டு: பேரலைச் சுத்தம் செய்த பிறகு முதல் 15, 20 பெல்லட் கண்டபடி விழும். ஈயம் மெல்லிய படலமாக வரிகளில் ஒட்டிய பிறகுதான் குறி நிலைக்கும். அதனால் வாரா வாரம் சுத்தம் செய்யும் பழக்கம் வேண்டாம். குறி தானாகச் சிதற ஆரம்பித்தால் மட்டும் துணி இழுத்தால் போதும். பெல்லட் வகையை மாற்றும்போதும் முதல் 20-ஐக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

6 செ.மீ. சிதறலுக்கு ரைஃபிளைக் குறை சொல்லும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். வரிசை முக்கியம்.

முதலில் ஸ்க்ரூ. ஸ்டாக்கின் (ரைஃபிளின் மரப்பகுதியின்) முன்பகுதியில் இரு பக்கமும் ஒவ்வொன்று, ட்ரிகர் கார்டில் ஒன்றோ இரண்டோ இருக்கும். இந்த இரட்டை உதையில் முதல் 50 பெல்லட்டுக்குள்ளேயே தளர்ந்துவிடும். கால் சுற்று தளர்ந்தாலே குழு (பெல்லட்டுகள் விழுந்த துளைகளின் பரப்பு) இரண்டு மடங்காகப் பெருகும். கழற்றி, மரையில் இருக்கும் எண்ணெயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நீல நிற லாக்டைட் 243 ஒரு சொட்டு விட்டு மாட்டுங்கள். சிவப்பு 271 வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. எல் சாவியின் நீளக் கையைத் துளையில் விட்டு, குட்டைக் கையை இரண்டு விரலால் திருகும் அளவு இறுக்கம் போதும். அதற்கு மேல் போனால் மரம் நசுங்கும். ஒரு இரவு விட்டுவிட்டுச் சுடுங்கள்.

கூடவே பேரல் மடங்கும் இடத்து பிவட் போல்ட்டையும் பாருங்கள். மடக்கி, ஸ்ப்ரிங் முழுவதும் ஏறிய பிறகு, பேரலைப் பிடித்தபடியே பிடியை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். எந்தக் கோணத்தில் வைத்தீர்களோ அங்கேயே நிற்க வேண்டும். தானாகத் தொங்கினால் போல்ட் தளர்வு, ஒவ்வொரு முறையும் பேரல் வேறு வேறு இடத்தில் பூட்டுகிறது என்று பொருள்.

இரண்டாவது, பிடி. ஸ்ப்ரிங் ரைஃபிளை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. பெல்லட் பேரலுக்குள் இருக்கும்போதே ரைஃபிள் துள்ள ஆரம்பித்துவிடுகிறது. அந்தத் துள்ளலைத் தடுக்க முடியாது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி துள்ள விடத்தான் முடியும். இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் ஸ்டாக்கைச் சும்மா வையுங்கள். விரல்கள் பக்கவாட்டைத் தொடக் கூடாது. தோளில் பட்டும் படாமலும் இருக்கட்டும். உள்ளங்கை வைக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, எப்போதும் அங்கேயே வையுங்கள். மணல் மூட்டையில் ரைஃபிளை நேரடியாக வைத்துச் சுட்டால் குறி மேலே ஏறும், குழு விரியும். மூட்டை மேல் கை, கை மேல் ரைஃபிள்.

மூன்றாவது, பெல்லட். இதற்குத்தான் காசு செலவழிக்க வேண்டும். ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட் 8.44, எச் அண்ட் என் ஃபீல்ட் டார்கெட் ட்ராஃபி 8.64, ஆர்.டபிள்யூ.எஸ். மைஸ்டர்குகெல்ன், இவற்றில் ஒவ்வொரு டப்பா. 10 மீட்டர் காகிதத்துக்குத் தட்டைத் தலை அழகாக வட்டத் துளை போடும். 20 மீட்டரைத் தாண்டினால் உருண்டைத் தலைதான் நேராகப் போகும். தலையின் விட்டம் 4.50, 4.51, 4.52 என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். விரலால் தள்ளும்போது தொளதொளவென்று விழுந்தால் சின்னது, நகம் வலித்தால் பெரியது. ஒவ்வொரு வகையிலும் 20 பெல்லட் சுட்டுவிட்டு, அதன் பிறகு 10 பெல்லட் குழு இரண்டு எடுத்து ஒப்பிடுங்கள். 3 பெல்லட் குழுவை நம்பாதீர்கள், அதிர்ஷ்டத்தில் கூட ஒட்டி விழும்.

---

மல்லேஸ்வரம்_புதுசு:

எல்லாருக்கும் நன்றி. முயல் யோசனையை விட்டுட்டேன். முயற்சி பண்றதே குற்றம்னு தெரியாது.

பேரல் துணி இழுத்தாச்சு, மூணாவது வரைக்கும் கறுப்பு. முன் ஸ்க்ரூ ரெண்டும் அரைச் சுத்து தளர்ந்திருந்தது. பிவட் சரியா இருக்கு. இப்ப மொத்தம் 220 பெல்லட். டமார் நின்னுடுச்சு. 8.44-ல 15 மீட்டர் குழு 2.8 செ.மீ. ஆனா கன்னத்துல லேசா காத்து அடிக்குது, பேரல் மடங்குற இடத்துலேர்ந்து. இது சாதாரணமா? அப்புறம் டொய்ங் சத்தத்துக்கு என்ன பண்றது?

---

பீன்யா_லேத்:

கன்னத்துல காத்து சாதாரணம் இல்ல தம்பி. பெல்லட் போடுற முகத்துல இருக்கிற ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கசியுது. டிஷ்யூ பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழிச்சு அந்த இடுக்கு மேல போட்டுட்டு, பெல்லட் ஏத்தி, இலக்குப் பெட்டியைக் குறி பாத்து சுடுங்க. பேப்பர் அசையவே கூடாது. பறந்தா கசிவு.

வைத்தியம் சுலபம். ஊசி முனையால ஓ-ரிங்கை நெம்பி எடுங்க, வெட்டு இருக்கான்னு பாருங்க. நல்லா இருந்தா, பழைய பிளாஸ்டிக் ஃபைல் உறையிலேர்ந்து அதே அளவுக்கு ஒரு வளையம் வெட்டி அடியில போட்டு மேல ஓ-ரிங்கை வைங்க. முகத்தை விட கால் மி.மீ. துருத்திக்கிட்டு இருக்கணும். அதுக்கு மேல போனா பேரல் முழுசாப் பூட்டாது, அது இன்னும் மோசம். கிழிஞ்சிருந்தா எஸ்.ஜே.பி. ரோட்டுல ஹைட்ராலிக் சீல் விக்கிற கடைகள்ல பழசைக் காட்டிக் கேளுங்க. உள்விட்டம், தடிமன் ரெண்டையும் வெர்னியர்ல அளந்து கொடுப்பாங்க. அஞ்சாறு சேர்த்தே வாங்கி வைங்க. கசிவு நின்னதும் வேகம் தானா ஏறும், பல பேர் ஸ்ப்ரிங் மாத்தி தேடுற வேகம் இங்கதான் ஒழுகிட்டிருக்கும்.

டொய்ங்: ஸ்ப்ரிங்குக்கும் அதுக்குள்ள நின்னு அதை நேராத் தாங்குற கைடுக்கும் நடுவுல இடைவெளி அதிகம். கம்பெனி கைடு தகரமோ மலிவு பிளாஸ்டிக்கோ, ஒரு மி.மீ. தொளதொளப்பு இருக்கும். சரியான பரிகாரம் டெல்ரின்ங்கிற கெட்டி பிளாஸ்டிக் கம்பியில புதுசா ஒரு கைடு கடையுறது. ஸ்ப்ரிங்கைக் கையால லேசா அழுத்தித் திருகினாத்தான் ஏறணும், அந்த இறுக்கத்துக்கு. லேத் வேலை பீன்யாவுல செஞ்சு தருவாங்க, ஆனா அளவு எடுக்க ரைஃபிளைப் பிரிக்கணும். அங்கதான் எச்சரிக்கை.

கழட்டும்போது ஸ்ப்ரிங் பல செ.மீ. அமுங்கின நிலையிலயே உள்ள உக்காந்திருக்கும். பின் மூடியைத் தாங்கிப் பிடிக்காம குறுக்குப் பின்னைத் தட்டி எடுத்தா மூடி குண்டு மாதிரி பறக்கும், பல்லோ கண்ணோ போகும். தச்சர் வச்சிருக்கிற நீளமான க்ளாம்ப் ஒண்ணு, மூடிக்கு மரக்கட்டை, ரெண்டும் இல்லாம ஆரம்பிக்கவே கூடாது. க்ளாம்ப்பை லேசா இறுக்கினதும் பின் தானா தளரும், அப்ப எடுத்துட்டு மெதுவா திருகி விடணும்.

பிரிச்ச பிறகு செய்ய வேண்டியது: பழைய கிரீஸ் எல்லாத்தையும் மண்ணெண்ணெய்ல கழுவிக் காய வைங்க, ஒரு துளி ஈரமும் மிஞ்சக் கூடாது. சிலிண்டர்ல வெட்டின ஜன்னல் ஓரங்களை விரல் நகத்தால தடவிப் பாருங்க. நகம் மாட்டினா அது சீலையும் சீவும், பிஸ்டனை உள்ள விடுறப்பவே. 400 நம்பர் தாளால ஓரத்தை உருட்டிடுங்க. மாலிப்டினம் பேஸ்ட் பிஸ்டனோட பின் விளிம்புல மெல்லிசா, சீலோட பக்கவாட்டுல அதை விட மெல்லிசா. சீலோட முகத்துல மட்டும் எதுவும் படக் கூடாது, பட்டா மறுபடி டீசலிங். ஸ்ப்ரிங் மேல கெட்டியான தார் மாதிரி கிரீஸ், கம்பியோட நிறம் தெரியிற அளவு மெல்லிசா. அப்பிட்டா நொடிக்கு 50 அடி வேகம் போயிடும்.

ஸ்ப்ரிங் அதே ஸ்ப்ரிங்தான். பலமானது போட்டா பிஸ்டன் இன்னும் வேகமா மோதும், துள்ளல் கூடும், ஏத்துறது கஷ்டம், குறி மோசமாகும். கேஜிஎஃப்காரர் சொன்ன 20 ஜூல் கணக்கு வேற.

ட்ரிகர் உள்ள இருக்கிற கொக்கியை அரம் வச்சுத் தேய்க்காதீங்க. வெளியே ஒரு ஸ்க்ரூ இருந்தா அதைக் கால் சுத்து, கால் சுத்தா மட்டும் திருப்புங்க. ஒவ்வொரு தடவையும் ஏத்தி, பேரலைக் கையில பிடிச்சுக்கிட்டே ஸ்டாக்கை ரப்பர் சுத்தியால தட்டிப் பாருங்க. நழுவினா பழைய இடத்துக்குத் திருப்பிடுங்க. பெல்லட் போடுற நேரம் பூரா ஒரு கை பேரல் மேலயே இருக்கணும், இந்த ரைஃபிள்னு இல்ல, எந்த மடக்கு ரைஃபிளா இருந்தாலும். கொக்கி நழுவி பேரல் அடிச்சா கட்டை விரல் இருக்காது.

---

பத்துமீட்டர்:

பெல்லட் இல்லாமல் ஒருமுறை கூடச் சுட வேண்டாம். பிஸ்டனைத் தாங்கும் காற்று மெத்தை பெல்லட் இருந்தால்தான் உருவாகும்.

ஸ்கோப் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். மடக்கு ரைஃபிளில் பேரல் பெரும்பாலும் லேசாகக் கீழ்நோக்கியே பூட்டும். 20 மீட்டரில் 15 செ.மீ. கீழே விழுகிறது என்று வையுங்கள். ஒரு க்ளிக்குக்குக் கால் கோண நிமிடம் நகரும் ஸ்கோப்பில் ஒரு க்ளிக் அந்தத் தூரத்தில் ஒன்றரை மி.மீ. கூட இல்லை, நூறு க்ளிக்குக்கு மேல் ஏற்ற வேண்டிவரும். அவ்வளவு ஏற்றினால் உள்ளே குறியைத் தாங்கும் ஸ்ப்ரிங் தொய்ந்து, ஒவ்வொரு சுடுதலுக்கும் குறி அலையும். பின் வளையத்துக்கு அடியில் கூல்ட்ரிங்க் டின் தகட்டை இரண்டு மூன்று அடுக்கு வைத்துச் சின்ன அளவைச் சரி செய்யலாம். வளையங்கள் 10 செ.மீ. இடைவெளியில் இருந்தால் இந்த 15 செ.மீ.க்கு 0.75 மி.மீ. தேவை, அவ்வளவு வைத்தால் ஸ்கோப் குழாய் வளையும். அதற்கென்று பின்பக்கம் உயர்த்திச் செய்த மௌண்ட் விற்கிறது, அதை வாங்குங்கள்.

---

கேஜிஎஃப்_ரோடு:

எங்க சுடுறீங்கன்னு சொல்லவே இல்ல. அபார்ட்மெண்ட் மொட்டை மாடின்னா வேண்டாம், கைப்பிடிச் சுவரைத் தாண்டுற ஒரு பெல்லட் போதும். மூடின நீளமான அறை, இல்ல பின்னால உயரமான மண் மேடு. இலக்குக்குப் பின்னால மரப்பெட்டி, உள்ள பழைய செய்தித்தாளை இறுக்கி அடுக்கி 15 செ.மீ. கனம், கடைசியா 3 மி.மீ. இரும்புத் தகடு கீழ்நோக்கிச் சாய்வா. வெறும் கான்கிரீட் சுவர்ல சுட்டா ஈயம் திரும்பி முகத்துக்கே வரும். கண்ணாடி போடாம யாரும் பக்கத்துல நிக்கக் கூடாது.

நடுவுல தாள் கிழிஞ்சு குழி விழும், 200 பெல்லட்டுக்கு ஒரு தடவை அடுக்கை மாத்துங்க. பெட்டியைக் கொட்டுறப்போ ஈயத் தூசி பறக்கும், வாயை மூடிக்கிட்டு ஈரத் துணியால துடைங்க, பெருக்காதீங்க. கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் டீ குடிக்கணும். ஜூன்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் சுட்டு முடிச்சதும் கைரேகை பட்ட இரும்பு எல்லாத்தையும் எண்ணெய்த் துணியால ஒரு துடை. உறைக்குள்ளேயே வச்சு மூடாதீங்க, அந்தப் பஞ்சு ஈரத்தைப் பிடிச்சு வச்சு ஒரே வாரத்துல புள்ளி புள்ளியா துரு ஏத்திடும்.